இது எந்த அச்சகத்துச் சாமான்? பழைய கைக்கருவிகளை அடையாளம் காணும் வழி

முன்பு அச்சகம் நடத்திய வீடுகளின் பரணில் ஒரு தகரப் பெட்டியாவது கிடக்கும். திறந்தால் கறுத்துப்போன சின்ன இரும்புத் தட்டு, உளி மாதிரி இருந்தும் கூர் இல்லாத ஒரு கட்டை, பல் வைத்த சாவி, கை நிறைய ஈயத் துண்டுகள். காயலான் கடைகளுக்கும் இதே சாமான்கள் எடைக்கு வருகின்றன. ஆஃப்செட் வந்து, அப்புறம் கணினி அச்சுக்கோப்பு வந்து, ஈய எழுத்தில் வேலை பார்த்தவர்கள் தங்கள் கருவிகளை அப்படியே கட்டி வைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறக்கும் அடுத்த தலைமுறைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரிவதில்லை. தெரியாத பொருள் பழைய இரும்பாகப் போய்விடுகிறது. போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு கருவி கையில் கிடைத்ததும் பெயர் என்ன என்று தேடத் தொடங்க வேண்டாம். வடிவத்தை வைத்துத் தேடினால் தச்சர், தையல்காரர், செருப்புத் தைப்பவர், புத்தகம் பைண்டு செய்பவர் என்று நாலு தொழில் குறுக்கே வரும். அச்சுத் தொழிலின் கைக்கருவிகள் எல்லாம் ஈய எழுத்து என்ற ஒரே பொருளைச் சுற்றி உருவானவை. அந்த எழுத்தை எடுக்க, அடுக்க, நகர்த்த, இறுக்க, மை பூச என்றுதான் ஒவ்வொன்றும் பிறந்தது. ஆகவே, இந்தக் கருவி எழுத்தை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அது தெரிந்தால் வேலை தெரியும், வேலை தெரிந்தால் பெயர் தேடுவது எளிது.

முதலில், கழுவாதீர்கள்

கிடைத்த உடனே மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கத்தான் கை துடிக்கும். பொறுங்கள். மூலைகளில் காய்ந்திருக்கும் மை, மரத்தில் ஏறிய எண்ணெய்க் கறை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த விளிம்பு, இவைதாம் உங்களுக்குக் கிடைக்கும் முதல் சாட்சிகள். தயாரிப்பாளரின் முத்திரை மிக மெல்லியதாக அடித்திருக்கும். உப்புத்தாள் இரண்டு இழுப்பில் அதை அழித்துவிடும். இருக்கிற நிலையிலேயே பகல் வெளிச்சத்தில் ஆறு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

பாதுகாப்பு விஷயம் ஒன்று. அச்சு எழுத்து ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகம். ஈரத்தில் கிடந்த எழுத்தின் மேல் சாம்பல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால், அது ஈயம் அரித்து உண்டான நச்சுப் பொடி. வாயால் ஊதாதீர்கள், அரம் போடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு, காபி எல்லாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அப்புறம், 23.3 மி.மீ.

இந்தத் தொழிலில் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஆங்கில, அமெரிக்க முறையில் அச்சு எழுத்தின் உயரம், அதாவது அடியிலிருந்து மை படும் முகம் வரை, 0.918 அங்குலம். மில்லிமீட்டரில் ஏறக்குறைய 23.3. நம் ஊர் அச்சகங்கள் பெரும்பாலும் இதையே பின்பற்றின. பிரான்சிலும் ஜெர்மனியிலும் வழங்கிய டிடோ முறையில் இது சுமார் 23.56 மி.மீ. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டையும் ஒரே பாரத்தில், அதாவது அச்சிட இறுக்கிக் கட்டிய எழுத்துத் தொகுதியில், கலந்தால் உயரமானது தாளைக் குத்தும், தாழ்ந்தது பதியாது. அதனால்தான் உலகம் முழுக்க இந்த உயரத்தை இவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றினார்கள்.

ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிவிடுங்கள். விலை குறைந்த டிஜிட்டல் வகை போதும். கையிலிருக்கும் பொருளில் எங்காவது 23.3 வருகிறதா என்று பாருங்கள். மரத்தில் செதுக்கிய எழுத்து 23.3 வந்தால் அது அச்சுக்கான மர எழுத்து. துணியில் அச்சிடும் மரக்கட்டை பல மடங்கு தடியாக இருக்கும். மேலே கைப்பிடி வைத்துச் செதுக்கியிருப்பார்கள், காற்றும் மிகைச் சாயமும் வெளியேற ஊடே துளைகளும் போட்டிருப்பார்கள். மரத்தின் மேல் துத்தநாகத் தகடோ செப்புத் தகடோ ஆணியடித்திருக்கிறதா? மொத்த உயரம் 23.3 என்றால் அது படம் அச்சிடும் பிளாக். கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரும் குத்துவிளக்கும் அப்படிப்பட்ட பிளாக்குகளிலிருந்துதான் வந்தார்கள்.

இன்னொரு அளவு பைக்கா. எழுத்தின் அளவைச் சொல்லும் சின்ன அலகு பாயிண்ட். 12 பாயிண்ட் ஒரு பைக்கா, அது ஏறக்குறைய 4.22 மி.மீ. டிடோ முறையில் அதற்கு இணையானது சிசரோ, சுமார் 4.51 மி.மீ. கருவியில் கோடுகள் செதுக்கியிருந்தால் பத்துக் கோட்டின் நீளத்தை அளந்து பாருங்கள். 42 மி.மீ. சுற்றி வந்தால் ஆங்கில, அமெரிக்க வழி. 45 வந்தால் ஜெர்மன், பிரெஞ்சு வழி. முத்திரை இல்லாத கருவியின் பூர்வீகத்தைச் சொல்ல இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியாது. அளவுகோல் மாதிரி ஒரு எஃகுப் பட்டை, ஒரு முனையில் சின்னக் கொக்கி, அங்குலக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் அங்குலத்தோடு ஒட்டாத வேறொரு கோட்டு வரிசை என்று இருந்தால், அதுதான் பைக்கா ஸ்கேல். அதில் 72 பைக்கா 12 அங்குலத்துக்குச் சற்றே குறைவாக, 11.95 அங்குலத்தில் முடியும். கொக்கி எழுத்து வரிசையின் ஓரத்தில் மாட்டி அளப்பதற்கு.

காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும்

இது சுருக்கமான படி. காந்தம் ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு, நிக்கல் முலாம் பூசியிருந்தாலும். ஒட்டாமல் கனமாக, கீறினால் மஞ்சளாக இருந்தால் பித்தளை. ஒட்டாமல் வெள்ளி நிறமாக இருந்தால் ஜெர்மன் சில்வர் எனப்படும் செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையாக இருக்கலாம். எழுத்தை வரியாகக் கோக்கும் தட்டான ஸ்டிக்குகளில் நல்லவை சில அதில் வந்தன. மிக மெத்தென்று, நகம் அழுத்தினாலே கோடு விழுந்தால் ஈயம். கீறிப் பார்ப்பதை அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யுங்கள்.

ஸ்டிக்கை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டியில் கிடைப்பவற்றில் மிக அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும், மிக அதிகம் மதிக்க வேண்டியதும் கம்போசிங் ஸ்டிக்தான். அச்சகத்தில் ஸ்டிக் என்றாலே போதும். பார்க்க மூன்று பக்கம் சுவர் வைத்த ஒல்லியான தட்டு. நீளம் ஆறு, எட்டு, பத்து அங்குலம் என்று பல அளவில் வரும்; உள் அகலம் பெரும்பாலும் இரண்டு அங்குலத்தை ஒட்டி இருக்கும். நீளவாக்கில் ஒரு சுவர், வலது முனையில் நிலையான சுவர் ஒன்று. மூன்றாவது சுவர் நகரும். இந்த நகரும் பாகம்தான் அடையாளத்தின் உயிர். வரியின் நீளத்துக்குத் தக்கபடி அதை நகர்த்தி இறுக்குவார்கள். நாலாவது பக்கம் திறந்தே இருக்கும்.

அச்சுக்கோப்பவர் இதை இடது கையில் பிடித்து, வலது கையால் கேஸ் என்னும் அறை வைத்த எழுத்துப் பெட்டியிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டு மேல்பார்த்து வரும்படி, எழுத்து தலைகீழாக, ஆனால் இடமிருந்து வலமாக வரி வளரும். இடது கட்டைவிரல் கடைசியாக வைத்த எழுத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டே நகரும். விரலால் தடவியே வெட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், கண் அடுத்த எழுத்தின் அறைக்குப் போய்விடும். ஸ்டிக்கின் சுவர்கள் ஏன் எழுத்தைவிடத் தாழ்வாக இருக்கின்றன என்பது இப்போது புரியும். எழுத்தின் முகம் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால்தான் கோத்ததை அங்கேயே படித்துத் திருத்த முடியும். சுவரின் உயரம் 23.3 மி.மீ.க்கு மேல் இருந்தால் கையிலிருப்பது ஸ்டிக் அல்ல.

நகரும் பாகம் எப்படிப் பூட்டப்படுகிறது என்பதுதான் வகையைச் சொல்லும். நீளச் சுவரில் வரிசையாகத் துளைகள், ஒரு திருகு, ஒரு மரை இருந்தால் அது பழைய திருகு வகை. திருகைத் தளர்த்தி, வேண்டிய துளைக்கு மாற்றி, திரும்ப முடுக்க வேண்டும். வேண்டிய எந்த அளவிலும் நிறுத்தலாம், ஆனால் அதே அளவுக்குத் திரும்பி வருவது சிரமம். திருகுக்குப் பதில் நெம்புகோல் இருந்தால் அடிக்கடி அளவு மாற்றும் சில்லறை வேலைக்கு ஆனது. சிகாகோவின் ரவுஸ் நிறுவனத்து ஸ்டிக்கில் வெட்டுகளும் பற்களும் பைக்கா, அரைப் பைக்கா கணக்கில் அமைந்திருக்கும். நெம்புகோலைத் தூக்கி, வேண்டிய எண்ணில் இறக்கினால் துல்லியமாக அங்கேயே உட்காரும். விளிம்பில் எண்கள் செதுக்கியிருப்பதைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ளலாம். நகரும் பாகமே இல்லாமல், எல்லாச் சுவரும் நிலையாக இருந்தால் அது ஒரே பத்தி அகலத்தில் நாள் முழுக்கக் கோத்த செய்தித்தாள் அறையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். மரத்தில் செய்த, ஒன்றரை முழம் நீண்ட ஸ்டிக் கிடைத்தால் அது சுவரொட்டிக்கு மர எழுத்துக் கோப்பதற்கு.

ஸ்டிக்கோடு மெல்லிய ஒரு பித்தளைத் தகடோ எஃகுத் தகடோ சேர்ந்திருக்கிறதா என்று பெட்டியின் அடியில் துழாவிப் பாருங்கள். வரியின் நீளமே இருக்கும், ஒரு மூலையில் மட்டும் சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் செட்டிங் ரூல். முதல் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே வைத்தால் புது எழுத்து வழுக்கிக்கொண்டு உட்காரும். வரி முடிந்ததும் மூக்கைப் பிடித்து உருவி அடுத்த வரிக்கு முன்னால் வைப்பார்கள். இதைத் தகரத் துண்டு என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஸ்டிக், ரூல், ஊசி மூன்றும் பல நேரம் தொழிலாளியின் சொந்தச் சொத்து. ஸ்டிக்கின் அடியில் இரண்டு மூன்று எழுத்து கையால் குத்தியிருந்தால், அது நிறுவனப் பெயராக இல்லாமல் அதை வைத்திருந்தவரின் முதலெழுத்தாக இருக்கலாம்.

இறுக்கும் கருவிகள்

கோத்த எழுத்து ஸ்டிக்கிலிருந்து காலிக்குப் போகும். காலி என்பது மூன்று பக்கம் ஓரம் மடித்த தட்டு. இரும்பிலோ பித்தளையிலோ பழைய மரத்திலோ வரும். இதன் ஓரமும் எழுத்தைவிடத் தாழ்ந்திருக்கும், அப்போதுதான் மை தடவிக் காலி புரூஃப் எடுக்க முடியும். நாலு பக்கமும் ஓரம் உயர்ந்திருந்தால் அது சமையலறைத் தட்டு. காலியிலிருந்து பக்கமாகி, சேஸ் என்னும் இரும்புச் சட்டத்துக்குள் போய், சுற்றிலும் கட்டைகள் வைத்து, ஒரு எழுத்துகூட அசையாமல் இறுக்கப்படும். அப்படி இறுக்கி முடித்ததுதான் பாரம். தூக்கினால் ஒன்றும் உதிரக் கூடாது. நாலாயிரம் எழுத்து ஒரு சட்டத்துக்குள் வெறும் அழுத்தத்தால் நிற்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான்.

இந்த இடத்தில்தான் விளங்காத சாமான்கள் குவிகின்றன.

உளி மாதிரி இருந்து கூர் இல்லாத கட்டையைச் சொன்னேன் அல்லவா? கடின மரத்திலோ இரும்பிலோ இருக்கும், ஒரு முனை பருத்து, மறுமுனை ஒடுங்கி, ஒடுங்கிய முனையில் ஒரு வெட்டு இருக்கும். பெயர் ஷூட்டிங் ஸ்டிக். பாரத்தை இறுக்கும் சாமானுக்குக் காயின் என்று பெயர். பழைய காலத்தில் அது வெறும் மர ஆப்பு. ஷூட்டிங் ஸ்டிக்கின் வெட்டை அந்த ஆப்பில் பொருத்தி, மறுமுனையை மரச் சுத்தியலால் தட்டி ஆப்பை உள்ளே ஏற்றுவார்கள். உளிக்கு முனையில் வெட்டு இருக்காது. ஷூட்டிங் ஸ்டிக்குக்கு முனையில் கூர் இருக்காது. குழப்பம் தீர்ந்தது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இயந்திரக் காயின்கள் பரவின. ஹெம்பெல் வகை என்றால் இரண்டு இரும்பு ஆப்புகள், ஒவ்வொன்றுக்கும் உட்பக்கம் பல். நடுவில் பல் வைத்த சாவியை விட்டுத் திருகினால் ஆப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அகலும். இதற்கு இணை வேண்டும். தனியாக ஒன்று கிடைத்தால் எதற்கென்றே தெரியாது, அதனால் பெட்டியில் கிடைக்கும் ஆப்புகளை முதலில் ஜோடி சேர்த்துப் பாருங்கள். சாவி டி வடிவக் கைப்பிடியோடு, நுனியில் சின்னப் பல்சக்கரம் மாதிரி இருக்கும். கடிகாரச் சாவி என்றும் குழாய்ச் சாவி என்றும் இதைப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். கடிகாரச் சாவிக்கு நுனியில் சதுரக் குழி இருக்கும், பல் இருக்காது. காயினே ஒற்றைக் கட்டையாக, உள்ளே சுழலும் பாகத்தோடு இருந்தால் அது வேறு வகை. அதற்கு வேறு சாவி, ஹெம்பெல் சாவி பொருந்தாது.

இரண்டு கைப்பிடி அளவுள்ள, ஒரு முகம் மட்டும் மழமழவென்று தட்டையான மரக்கட்டை பிளேனர். இறுக்குவதற்கு முன்பு அதைப் பாரத்தின் மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால், தூக்கிக்கொண்டு நிற்கும் எழுத்து அமர்ந்து எல்லா முகமும் ஒரே மட்டத்துக்கு வரும். பக்கங்களில் விரல் பிடிக்கப் பள்ளம் வெட்டியிருக்கும், அடி வாங்கும் மேல்பக்கம் சிலவற்றில் தோல் ஒட்டியிருக்கும். தட்டையான முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: எழுத்துகளின் மெல்லிய தடம், வலமிடம் சரியாகவே, அழுந்தியிருக்கும். அந்தத் தடம் இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். தட்டை முகத்தில் கம்பளித்துணி ஒட்டியிருந்தால் அது இயந்திரம் இல்லாமல் கையால் புரூஃப் எடுக்கும் பிளேனர்.

ஊசி, இடுக்கி, வெட்டும் கருவி

கைப்பிடி வைத்த கூரான ஊசி திருத்தத்துக்கு ஆனது. பாட்கின் என்பார்கள். தவறான எழுத்தைப் பக்கவாட்டில் குத்தித் தூக்க அது. செருப்புத் தைப்பவரின் குத்தூசியில் நூல் பிடிக்க முனையருகே துளையோ கொக்கியோ இருக்கும். பாட்கின் முழுக்க வழவழப்பான வட்டம். சிலவற்றில் ஒரு முனை ஊசி, மறுமுனை இடுக்கி. இடுக்கியால் எழுத்தின் முகத்தைப் பிடிக்கக் கூடாது, ஈயம் மெத்து என்பதால் உடனே வடு விழும். நல்ல கைவினைஞர்கள் உடம்பைத்தான் பிடிப்பார்கள்.

மேசையில் திருகிப் பொருத்தும் அடித்தளம், மேலே நெம்புகோல், பின்னால் நகரும் அளவுத் தடுப்பு, அதில் பைக்கா எண்கள். இது லெட் கட்டர். வரிகளுக்கு நடுவே வைக்கும் ஈயப் பட்டையை, லெட் என்று சொல்வார்கள், நீளத்துக்கு நறுக்க இது. இதில் தாள் வெட்டப் பார்க்காதீர்கள், வெட்டாது.

மை பக்கம்

இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை. மை கத்தி நீளமாக, மெல்லியதாக, வளையக்கூடியதாக இருக்கும். புட்டி கத்தி குட்டையாக விறைப்பாக இருக்கும். கைரோலரின் சட்டத்தில் ஒரு கால் இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் வைக்கும்போது ரோலர் மேசைமேல் படாமல் நிற்பதற்காக அச்சுக்கார ரோலர்கள் பலவற்றில் அது உண்டு. மரக் கிண்ணம் கவிழ்த்தது போலக் கைப்பிடி, அதன் வாயில் கம்பளி திணித்துத் தோல் போர்த்தியிருந்தால் அது மைப் பந்து. ரோலர் வருவதற்கு முந்திய காலத்து முறை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசையும் வெல்லப்பாகும் கலந்து வார்த்த ரோலர்கள் அதை ஓரங்கட்டின. உண்மையான பழைய மைப் பந்து இன்று மிக அரிது, தோல் மக்கிவிடும். புதுத் தோலோடு இருப்பது பெரும்பாலும் பிற்காலப் படி.

ஏமாற்றும் பொருள்கள்

அச்சகச் சாமான் என்று விற்கப்படுபவற்றில் பாதி அச்சகத்தை எட்டிப் பார்க்காதவை. முதலிடம் நகல் அழுத்திக்கு. இரண்டு கனமான இரும்புத் தகடுகள், மேலே பெரிய திருகு, அதைச் சுற்ற இரண்டு பக்கம் நீட்டிய கைப்பிடி. அச்சு இயந்திரம் என்று பெருமையாக வரவேற்பறையில் வைத்திருப்பார்கள். ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை வாங்கிய கடித நகல் முறையின் வழிவந்த அலுவலகக் கருவி அது. ஈரமான மெல்லிய தாளை மைக் கடிதத்தின் மேல் வைத்து அழுத்தி நகல் எடுத்தார்கள். கீழ்த்தகடு வெளியே நகர்ந்து வராவிட்டால், மை பூசிப் பாரம் வைக்க வழி இல்லை. வழி இல்லாவிட்டால் அச்சு இயந்திரமில்லை.

அடுத்தது பைண்டிங் கருவிகள். பித்தளை முகத்தில் பூவோ எழுத்தோ செதுக்கி, மரக் கைப்பிடி போட்டிருந்தால் அது தோல் அட்டையில் சூடாக அழுத்திப் பொன்னெழுத்துப் பதிக்கும் கருவி. ஸ்டிக் போலவே சிறிய பித்தளைத் தாடை இரண்டு, நடுவே எழுத்தை இறுக்கும் திருகு, பின்னால் மரக் கைப்பிடி என்று ஒன்று உண்டு. அது பைண்டரின் எழுத்துப் பிடி. ஸ்டிக்குக்கு மரக் கைப்பிடி கிடையாது, அதைப் பிடிப்பது உள்ளங்கை.

தடித்த இரும்பு வட்டு, மையத்தில் இல்லாமல் ஓரத்தில் ஒரு கைப்பிடி என்றால் கல் அச்சுக்காரர் கல்லைத் தேய்த்து மட்டமாக்கிய லெவிகேட்டர். அலாய்ஸ் செனஃபெல்டர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் கண்ட முறை கல் அச்சு. அச்சுத் தொழில்தான், ஆனால் ஈய எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே போல, மேல் நுனியில் வி வடிவ வெட்டுக்குள் பல்வரிசை கொண்ட மெல்லிய பித்தளைத் துண்டு ஈயத்தில் வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் எழுத்து வார்ப்பு அச்சு. வேலை முடிந்தபின் எந்த எழுத்து எந்த அறைக்குத் திரும்ப வேண்டும் என்று அந்தப் பற்கள்தான் இயந்திரத்துக்குச் சொல்லும். கையால் யாரும் அதைக் கோக்கவில்லை.

காலம் கணிப்பது

இது கொஞ்சம் கடினம், ஆனால் ஓரளவு எல்லை வகுக்கலாம். அமெரிக்க எழுத்து வார்ப்பாளர்கள் பாயிண்ட் முறையை 1886-இல் ஏற்றார்கள், பிரிட்டன் 1898-இல். அதனால் பாயிண்ட் கணக்கில் அளவு பொறித்த ஆங்கில, அமெரிக்கக் கருவி அந்த ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் எந்த நாடு என்று பொறிக்கும் கட்டாயம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வெறுமனே ஜெர்மனி, இங்கிலாந்து என்று பொறித்த பல பொருள்கள் அதற்குப் பிந்தியவை. கூட்டல் குறித் திருகு இருந்தால் 1930-களுக்கு முன்பு போக முடியாது, அல்லது பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகு என்றாலே 20-ஆம் நூற்றாண்டு.

லண்டன் ஹாரில்ட், ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக், பாஸ்டனின் கோல்டிங், மிஷிகன் மாநிலத்து சேலஞ்ச், விஸ்கான்சின் டூ ரிவர்ஸ் ஊரின் ஹாமில்டன் போன்ற பெயர்கள் அடிக்கடி தென்படும். பொறித்திருப்பது செய்தவர் பெயராகவும் இருக்கலாம், விற்றவர் பெயராகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். முத்திரை இல்லை என்பதால் மதிப்பில்லை என்றும் நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பட்டறைகளில் செய்த எத்தனையோ நல்ல கருவிகளுக்கு முத்திரையே கிடையாது. தரங்கம்பாடியில் 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து இறங்கின. அவை மிகப் பெரிதாக இருந்ததால் அங்கேயே சிறிய எழுத்து வார்க்க வேண்டியதாயிற்று. அந்தக் காலம் தொட்டே, வந்த கருவியை அப்படியே வைத்துக்கொள்ளாமல் தேவைக்கு மாற்றிச் செய்வது இங்கே வழக்கம். அறைகளைக் கூட்டித் தச்சரிடம் செய்த தமிழ் கேஸ்களும் அப்படித்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா கேஸில் 89 அறை போதும், நமக்குப் போதாது.

ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான சேகரிப்புகள் வேண்டுமென்றால் ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின்-மொரேடஸ் அருங்காட்சியகம், மைன்ஸ் நகரின் குட்டன்பெர்க் அருங்காட்சியகம், லண்டன் செயின்ட் பிரைட் நூலகம், டூ ரிவர்ஸில் உள்ள ஹாமில்டன் மர எழுத்து அருங்காட்சியகம் ஆகியவற்றின் படங்களைப் பாருங்கள். விற்பனைத் தளங்களில் எழுதியிருக்கும் பெயர்களை நம்பி முடிவுக்கு வராதீர்கள். அங்கே ஒருவர் தவறாக எழுதியதைப் பத்துப் பேர் நகலெடுத்திருப்பார்கள்.

தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்

எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி இதுதான், நாள் கடத்தக் கூடாததும் இதுதான். ஈய எழுத்தில் கை பழகியவர்கள் இன்னும் சிவகாசியிலும் மதுரையிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள், ஆனால் வயதாகிவிட்டது. போகும்போது, “அண்ணாச்சி, இதுக்குப் பேரென்ன?” என்று தொடங்காதீர்கள். பேர் ஞாபகம் வராவிட்டால் அவருக்கே சங்கடமாகிவிடும். கருவியை அவர் கையில் கொடுத்து, “இதை எப்படிப் பிடிப்பீங்க அண்ணாச்சி?” என்று கேளுங்கள். கை தானாக அதற்குரிய இடத்தைப் பிடிக்கும். ஸ்டிக் என்றால் இடது கைக்குப் போகும், கட்டைவிரல் உள்ளே மடங்கும். பிளேனர் என்றால் பாரத்தின் மேல் வைப்பது போல மேசையில் வைத்துவிடுவார். அந்தக் கையைப் படம் எடுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. அவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதை அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் சொல்வதை அடுத்த ஊரில் சொல்லாமல் இருக்கலாம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பத்திரப்படுத்துவது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: எங்கே கிடைத்தது, யாருடையது, அளவுகள், என்ன உலோகம், எழுத்தைத் தொடும் இடம், பொறித்திருப்பவை, யார் அடையாளம் சொன்னார். உறுதியில்லாத இடத்தில் பென்சிலால் எழுதுங்கள். இரும்புக்கு மெல்லிய இயந்திர எண்ணெய் தடவுங்கள், மரத்துக்கு வேண்டாம். ஈய எழுத்தை மூடிய மரப்பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் டப்பா போதும். காயின் ஆப்புகளை ஜோடியாக, அவற்றின் சாவியோடு சேர்த்தே கட்டுங்கள். செட்டிங் ரூலை அதற்குப் பொருந்தும் ஸ்டிக்குக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.